பெரிய மாத்திரை, சின்ன மாத்திரை

மனிதனுக்கு வரக்கூடிய அத்தனை கவலைக்கும் இரண்டே இரண்டு புத்தகம் போதும், மூன்றாவதாக எழுதியதெல்லாம் வீண் என்று நம்புகிற ஒருவர் இந்த உலகத்தில் இருக்கிறார். அவரைத் தேடிக் காசிக்கும் இமயமலைக்கும் போக வேண்டாம். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், நான் வேலை பார்க்கும் யூனிட்டில், சூளையிலிருந்து வந்த பீங்கான் ப்யூஸ் கேரியர்களைத் தரம் பிரிக்கிற மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். நாங்கள் அவரைக் கம்பவுண்டர் என்போம். வருகைப் பதிவேட்டில் வேறு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரும் சேர்ந்து யாரது என்று தேடுவார்.

ஆஸ்பத்திரிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஊசியைப் படத்தில் பார்த்தாலே வேர்த்துப் போகிறவர். ஆனால் யாராவது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் மேசைப் பக்கம் போனால் போதும். ஒரே ஒரு கேள்வி கேட்பார், தலையைச் சாய்த்துப் பதிலைக் கேட்பார், பிறகு குனிந்து மேசைக்கு அடியில் இருக்கும் இரண்டு புத்தகங்களில் ஒன்றை எடுத்து நீட்டுவார். "காலைல ரெண்டு பக்கம், சாயந்தரம் ரெண்டு பக்கம். சாப்பாட்டுக்கு அப்புறம்" என்பார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

நான் மங்கலம்பேட்டையிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிறவள். பேக்கிங் பகுதி என் பொறுப்பு. அட்டைப்பெட்டியில் வைக்கோலைப் பரப்பி, கேரியர்களைப் பழைய பேப்பரில் சுற்றி அடுக்கி, டேப் ஒட்டி லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். கல்லூரியில் தமிழ் படித்தவள் என்பதால் கம்பவுண்டருக்கு என்மேல் தனி மரியாதை. ஒரு மருந்துக் கடைக்காரருக்குப் பக்கத்து மருந்துக் கடைக்காரர்மேல் இருக்கும் மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பேட்டையில் எல்லாமே வெள்ளை. களிமண் பொடி காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். வேப்ப மரம் வெள்ளை, வாட்ச்மேனின் சைக்கிள் வெள்ளை, காக்கைகூடக் கொஞ்சம் வெள்ளை. மதியம் இரண்டு மணிக்குச் சூளையின் சூடு முற்றத்தில் நின்று ஆடும். காயப் போட்ட கேரியர்கள் வரிசை வரிசையாகக் கண்ணுக்கு எட்டும் மட்டும் கிடக்கும். இமையில் பொடி படிந்த ஆட்கள் அந்த வெயிலுக்குள் சத்தமில்லாமல் நடந்து போவார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் நாமெல்லாம் யாரோ காணும் கனவுக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறோமோ என்று தோன்றும். எனக்குத் தோன்றுவதோடு சரி. கம்பவுண்டர் எழுந்து வந்து கேட்டே விடுவார்.

"ஏம்மா, கரண்டு இல்லாதப்ப இது ப்யூஸ் கேரியரா, இல்ல வெறும் பிங்கானா?"

"நீங்க தட்டிப் பாத்துட்டு அனுப்புங்கண்ணே. கரண்டு வர்றதும் வராததும் நம்ம பாடு இல்ல."

"அதில்லம்மா. யாரும் மாட்டாம பெட்டிக்குள்ளயே கிடக்குதுன்னு வச்சிக்க. தான் என்னான்னு அதுக்குத் தெரியுமா?"

அந்த நேரத்தில் அவர் கையில் இருக்கும் கேரியர் பாதி தட்டியபடி அந்தரத்தில் நிற்கும். பின்னால் முந்நூறு கேரியர் காத்திருக்கும். முதலாளி கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

ஆனாலும் அவரை ஒன்றும் சொல்ல மாட்டார். ஏனென்றால் அந்தக் காது வேறு யாருக்கும் இல்லை. இரண்டு கேரியரை லேசாக மோதுவார். நல்லது 'கிண்' என்னும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே இருந்தால் 'டொக்' என்னும். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். அவருக்கோ பேசிக்கொண்டே, கொட்டாவி விட்டுக்கொண்டே, உலகம் உண்மையா பொய்யா என்று யோசித்துக்கொண்டே கேட்கும். அவர் கையைத் தாண்டிப் போன பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

புத்தகங்கள் அவரிடம் வந்த கதை என் பகுதியில்தான் நடந்தது. பேக்கிங்குக்கு மூட்டை மூட்டையாகப் பழைய பேப்பர் வாங்குவோம். ஒரு நாள் மூட்டையில் தினசரித் தாள்களுக்கு நடுவே அட்டை போன இரண்டு பழைய புத்தகங்கள் வந்தன. என்னிடம் வேலை பார்க்கும் பெண்கள் கடமையே கண்ணாக ஆளுக்கு ஒன்றை எடுத்துக் கிழித்துச் சுற்ற ஆரம்பித்தார்கள். ஒருத்தி முன்னாலிருந்து, மற்றவள் பின்னாலிருந்து. தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் வந்த கம்பவுண்டர் தரையில் கிடந்த ஒரு தாளைக் குனிந்து படித்தார். சொம்பு வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றுவிட்டது. "நிறுத்துங்க! கிழிக்காதீங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில், சூளைதான் வெடித்துவிட்டது என்று நினைத்து வாட்ச்மேன் ரோட்டுக்கே ஓடிவிட்டார்.

அதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருந்தது. தடிப் புத்தகம் மெய்ப்பொருளியல். உலகம் என்று ஒன்று எதனால் இருக்கிறது, இல்லாமலே போயிருக்கலாமே என்று ஐந்நூறு பக்கம் கேட்கிறது. அதில் முதல் பதினாறு பக்கம் போய்விட்டது. ஒல்லிப் புத்தகம் இருத்தலியல். இருந்து தொலைத்துவிட்டோம், இனி என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்கிறது. அதில் கடைசி எட்டுப் பக்கம் போய்விட்டது. ஆதியைத் தேடும் புத்தகத்துக்கு ஆதி இல்லை. சாவை மறக்காதே என்று மிரட்டும் புத்தகத்துக்கு முடிவு இல்லை. போன பக்கங்கள் எந்த ஊர் எலெக்ட்ரிக்கல் கடையில் எந்தக் கேரியரைக் கட்டிக்கொண்டு கிடக்கின்றனவோ, தெரியாது.

தடிப் புத்தகத்துக்குச் சாக்குத் துணியில் அட்டை தைத்தார். ஒல்லிக்கு எங்கள் பெட்டி அட்டையையே வெட்டி ஒட்டினார். ஆறு மாதம் இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தார். அதற்குப் பிறகுதான் வைத்தியம் ஆரம்பம். யூனிட்டில் ஒன்று பெரிய மாத்திரை, மற்றொன்று சின்ன மாத்திரை என்று ஆயிற்று.

யாருக்கு எது என்று கண்டுபிடிப்பதில்தான் அவருடைய வித்தை இருந்தது. அதை ஒரு நாள் உடைந்த கேரியர் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினார்.

"விரிசல்ல ரெண்டு தினுசு இருக்குதும்மா. தீக்குள்ள போறதுக்கு முன்னாடி, ஈர மண்ணா இருக்கும்போதே வந்துச்சின்னா, ஓரம் மழுங்கியிருக்கும். மேல பளபளப்புக்குப் பூசற கிளேஸு உருகி மூடியிருக்கும். வெந்து முடிச்சி ஆறும்போது வந்துச்சின்னா, ஓரம் கூரா இருக்கும், தடவுனா கையக் கிழிச்சிடும். மனுசன் கவலையும் அப்புடித்தான். மழுங்குன கவலை இருக்குது பாரு, அது எப்ப வந்துச்சின்னு அவனுக்கே தெரியாது. அதுக்குப் பெருசு. கூரான கவலை நேத்து வந்தது, இன்னிக்கி எதாவது முடிவு எடுத்தாவணும். அதுக்குச் சின்னது."

"ரெண்டும் இல்லன்னா?"

"ரெண்டும் இல்லாத ஆள நான் பாத்ததில்ல" என்றார். பாவம், அப்போது அவர் உண்மையைச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியாது.

நோயாளிகள் குவிந்தார்கள். லோடுமேன் ராஜேந்திரனின் மனைவி கோபித்துக்கொண்டு எங்கள் பக்கத்து மங்களூருக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "இது பழைய விரிசலு" என்று சொல்லிப் பெரிய மாத்திரை கொடுத்தார். ராஜேந்திரன் தனக்குப் புரியாததை அவளாவது புரிந்துகொள்ளட்டும் என்று தினம் சாயந்தரம் போன் போட்டு இரண்டு பக்கம் படித்துக் காட்டினான். மூன்றாம் நாள் அவளே பேசினாள். "இத நிறுத்தறேன்னு சத்தியம் பண்ணு. நாளைக்கே வூட்டுக்கு வரேன்." வந்துவிட்டாள். கம்பவுண்டர் அன்று முழுக்க மூன்றே நாள், மூன்றே நாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

டீக்கடை சுப்பிரமணிக்குச் சின்ன மாத்திரை. கடையை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றலாமா வேண்டாமா என்பது அவன் கவலை. அவன் அதைப் படித்துவிட்டுக் கடையை மாற்றவில்லை, ஆளே மாறிவிட்டான். "டீயா காபியா, நல்லா யோசிச்சி சொல்லுங்க. பின்னாடி என்னயக் கொற சொல்லக் கூடாது. முடிவு உங்களோடது" என்று வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துக் கேட்டான். டீ என்று சொல்லியே இருபது வருடம் பழகியவர்கள் பயந்துபோய் ஒன்றும் வேண்டாம் என்று திரும்பினார்கள். கடைசி எட்டுப் பக்கத்தில் என்ன இருக்கும் என்று அவன் வந்து கேட்டபோது, "கடைய எதுத்தாப்புல மாத்துனு போட்டிருக்கும்" என்று கம்பவுண்டர் கூசாமல் சொன்னார். இல்லாத அந்தக் கடைசிப் பக்கங்களில் அவர் மனசுக்குள் ஆளுக்கு ஒன்று எழுதி வைத்திருந்தார்.

முதலாளிக்கு மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை. அவருக்கும் பெரிய மாத்திரைதான். முதல் பக்கத்தில் கொட்டாவி, இரண்டாம் பக்கத்தில் குறட்டை. அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீஸ் ரூமில் அந்தப் புத்தகத்தை வாங்கித் தலைக்கு வைத்துக்கொண்டுதான் படுப்பார். படிக்க வேண்டிய அவசியமே இல்லாமல், சாக்கு அட்டையில் கன்னம் பட்டாலே தூக்கம் வந்தது. பெரிய மாத்திரை வேண்டும் என்றால் முதலாளி விழித்திருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எனக்கும் கொடுத்தார். வைத்தியம் ஆரம்பித்த புதிது. "நல்லா இருக்கியாம்மா?" என்றார். "நல்லா இருக்கேண்ணே" என்றேன். தலையைச் சாய்த்துக் கேட்டார். "வூட்டுக்காரரு எங்க இருக்காரு?" "ஷார்ஜாவுல." உடனே இரண்டு புத்தகத்தையும் எடுத்து என் கையில் வைத்தார். "உனக்கு ரெண்டு தினுசும் இருக்குதும்மா." அந்த வாரம் என்னிடம் நலம் விசாரித்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள். நான் சொன்ன பதிலை நம்பாதவர் அவர் ஒருவர்தான். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மங்கலம்பேட்டை வரை அழுதேன். அன்றிலிருந்து அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இப்படி ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவருக்கு ஐம்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. வாலிபத்தில் மூன்று இடத்தில் பெண் பார்க்கக் கூட்டிப்போனார்களாம். மூன்று பெண்களிடமும் நல்லா இருக்கீங்களா என்று கேட்டிருக்கிறார். மூவருக்கும் குரல் 'கிண்' என்று இருந்திருக்கிறது. "மூணும் நல்ல பீஸு. எத எடுக்கறது, எத வைக்கறது?" என்று வீட்டுக்கு வந்து யோசிக்க ஆரம்பித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் மூவருக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டன.

இப்போது மல்லிகாக்காவைச் சொல்ல வேண்டும். கிளேஸ் பகுதியில் வேலை. காய்ந்த கேரியர்களைக் கிளேஸ் கரைசல் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். வயது நாற்பத்தைந்து. புருஷன் இறந்து பத்து வருடம். பிள்ளை இல்லை. ஜங்ஷன் பக்கம் ஒரு சின்ன வாடகை வீட்டில் தனியாக இருந்தார். அவர் சிரித்தால் சூளைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கேரியரை முக்கும்போது இரண்டு விரலால் ஓரத்தைப் பிடிப்பார்கள். விரல் பட்ட இடத்தில் கிளேஸ் ஒட்டாது. சூளைக்குள் போய் வெந்து ஆறி, இரண்டு நாள் கழித்துத் தரம் பிரிக்கும் மேசைக்கு வரும்போதும் அந்த இரண்டு விரல் இடம் அப்படியே இருக்கும். கம்பவுண்டர் ஒவ்வொரு கேரியரையும் மல்லிகாக்காவின் விரல் இருந்த இடத்தில் தன் விரலை வைத்துத்தான் எடுப்பார். ஆறு வருடமாக அப்படித்தான். நான் ஒரு நாள் தற்செயலாகப் பார்த்துவிட்டேன். பார்த்ததாக அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் டீ நேரத்தில், எல்லோரும் இருக்கும்போது, மல்லிகாக்கா டம்ளரோடு அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"கம்பவுண்டரே, ஊருக்கெல்லாம் மருந்து குடுக்கறீங்க. எனக்கு எது?"

கம்பவுண்டர் எழுந்து நின்றார். "நல்லா... நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன்."

கம்பவுண்டர் தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் வெளுத்தது. ஏற்கெனவே பொடி படிந்த முகம் என்பதால் இது என்னைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது. "நாளைக்கிச் சொல்றேங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

மல்லிகாக்கா போனதும் கம்பவுண்டர் என்னிடம் ஓடி வந்தார். "விரிசலே இல்லம்மா! ஆறு வருசமா கேக்கறேன், எந்தப் பக்கம் கேட்டாலும் 'கிண்'ணுங்குது. விரிசல் இல்லாத ஆளுக்கு நான் எதக் குடுக்கறது?"

நாளை என்றவர் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டார். அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் நடந்தது தரையில் இல்லை. வலது கையில் பெரியது, இடது கையில் சின்னது, முற்றத்து வெயிலுக்குள் போவார், வருவார். கிளேஸ் பொடி எடை போடும் தராசில் இரண்டையும் வைத்துப் பார்த்தார். எல்லாம் எதனால் இருக்கிறது என்று கேட்கும் புத்தகத்தை மல்லிகாக்காவுக்குக் கொடுத்தால், எதுவுமே வேண்டாம் என்று சந்நியாசம் போய்விடுவாரோ என்று பயம். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கும் புத்தகத்தைக் கொடுத்தால், நீ யார் என்னைக் கேட்க என்று திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று அதைவிடப் பெரிய பயம். ஒரு நாள் காலையில் சூளைப் பக்கம் போட்டிருந்த பழைய டிராலிமேல் இரண்டு புத்தகத்தையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். ராஜேந்திரன் அவரையும் சேர்த்து ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனான். அவருக்குத் தெரியவே இல்லை.

பதினோராம் நாள் மல்லிகாக்கா என்னிடம் விஷயத்தைச் சொன்னார். நல்ல வேளை, அன்றைக்காவது சொன்னார்.

"எங்க அண்ணன் சேத்தியாத்தோப்புக்கே வந்துடுன்னு சொல்றாரு. இங்க வூட்டக் காலி பண்ணிட்டு, அவரு வூட்டுல மாட்டையும் பேரப் புள்ளைங்களையும் பாத்துக்கிட்டு இருக்கணுமாம். சனிக்கெழம வேல முடிஞ்சதும் பஸ்ஸேறி வந்து நேர்ல பதில் சொல்லுன்னுட்டாரு."

"நீங்க என்னக்கா சொல்லப் போறீங்க?"

"போவாதன்னு சொல்றதுக்கு எனக்கு இங்க யாரு இருக்குது?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு சூளைவரை போகவில்லை. "அதான் ஒரு பொஸ்தகம் கேட்டுப் பாத்தேன். அதுக்கே இத்தன நாளு ஆவுது."

எனக்குப் புரிந்துவிட்டது. புரிய வேண்டியவருக்குப் புரியவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை கம்பவுண்டரிடம் போய், மல்லிகாக்காவின் அண்ணன் கூப்பிடுவதையும், போவதா இருப்பதா என்று அவர் நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னேன். பதறுவார் என்று எதிர்பார்த்தேன். மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆறும்போது வந்த விரிசலு! நேத்து வந்தது! அதான் எனக்குக் கேக்கல. அப்ப சின்னதுதாம்மா. சந்தேகமே இல்ல, சின்னதுதான்!"

"அண்ணே, அவங்க பொஸ்தகம் கேக்கலண்ணே."

"பின்ன என்னா கேக்கறாங்க?"

"யோசிங்க."

"யோசிச்சிதானம்மா சொல்றேன். சின்னது."

தலையில் அடித்துக்கொள்வது முதலாளிக்கு மட்டும் சொந்தமில்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை மதியம் ஒரு பேக்கிங் பெட்டியைக் கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தார். உள்ளே வைக்கோல். வைக்கோல்மேல் சின்னப் புத்தகம். "மல்லிகா கையில குடுத்துடும்மா. நான் குடுக்கப் போனா மறுபடி யோசிக்க ஆரம்பிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

நான் அந்தப் புத்தகத்தைப் பிரித்தேன். எனக்குத் தெரிந்த புத்தகம்தான். உன் முடிவை நீ தனியாகத்தான் எடுக்க வேண்டும், உனக்காக இன்னொருவர் எடுக்க முடியாது என்பதை முதல் மூன்று பக்கம் சுற்றிச் சுற்றிச் சொல்கிறது. போகாதே என்று சொல்ல ஒரு ஆள் இல்லையே என்று நிற்கிறவர் கையில், யாரும் சொல்ல மாட்டார்கள் போ என்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? மல்லிகாக்கா அதைப் படித்துவிட்டு, சரி, இவரும் கையை விரித்துவிட்டார் என்று பஸ் ஏறிவிடுவார். திங்கட்கிழமை கிளேஸ் தொட்டியில் வேறு யாரோ கை நனைப்பார்கள்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். மேலே இன்னும் இரண்டு கை வைக்கோலை அள்ளிப் போட்டேன். மீதி இடத்தில் கேரியர்களை அடுக்கினேன். டேப் ஒட்டினேன். மூன்று மணிக்குத் திருநெல்வேலிக்குப் புறப்பட்ட லாரியில் மற்ற பெட்டிகளோடு ஏற்றிவிட்டேன். யா அல்லாஹ், என்னை மன்னித்துவிடு என்றும் சொல்லிக்கொண்டேன். தவறுதலாகப் போய்விட்டது என்றுதான் கம்பவுண்டர் இன்றைக்கும் நினைக்கிறார். இது அச்சாகும் பத்திரிகையும் ஆறு மாதத்தில் பழைய பேப்பராக எங்கள் யூனிட்டுக்கு வந்துவிடும். அப்போது படித்துக்கொள்ளட்டும். அந்தத் திருநெல்வேலிக் கடைக்காரர் மட்டும் பத்து நாள் கழித்துப் போன் செய்தார். கேரியர் எல்லாம் சரியாக இருக்கிறதாம், அந்தக் கடைசி எட்டுப் பக்கத்தை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டார்.

நாலு மணிக்குக் கம்பவுண்டர் வந்தார். "குடுத்துட்டியாம்மா?"

"அண்ணே, பெட்டியோட பெட்டியா லாரில போயிடுச்சிண்ணே."

அப்படியே வைக்கோல்மேல் உட்கார்ந்துவிட்டார்.  ஒரு நிமிஷம் கழித்துத் துள்ளி எழுந்தார். "பெருசு இருக்குதே! அதக் குடுத்துடறேன்!" என்று ஆபீஸ் ரூமுக்கு ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தோம். முதலாளி கட்டிலில் படுத்திருந்தார். தலைக்கு அடியில் ஐந்நூறு பக்க மெய்ப்பொருள். குறட்டையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கம்பவுண்டர் உள்ளே போய், சாக்கு அட்டையின் ஓரத்தைப் பிடித்து, ஒரு விரல் அளவுக்கு இழுத்தார். குறட்டை நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளி புரண்டு, புத்தகத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, குழந்தை மாதிரி மறுபடி தூங்கிப்போனார். ஐந்து மணிக்குச் சங்கு ஊதியது. முதலாளிக்கு அதுவும் கேட்கவில்லை.

நாங்கள் மெயின் ரோட்டு ஸ்டாப்புக்குப் போனபோது மல்லிகாக்கா துணிப்பையோடு நின்றிருந்தார். கம்பவுண்டர் அவருக்கு முன்னால் போய் நின்றார். அவரை வெறுங்கையோடு நான் பார்த்தது அன்றுதான். கேரியரோ புத்தகமோ இல்லாத அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார், முன்னால் கொண்டுவந்தார்.

"பொஸ்தகம் எங்க?" என்றார் மல்லிகாக்கா.

"சின்னது லாரில போயிடுச்சிங்க. பெருசு மொதலாளி தலைக்கி அடியில இருக்குது."

மல்லிகாக்கா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் ரோட்டைப் பார்த்தார். "அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

பஸ் வந்துவிட்டது. "சேத்தியாத்தோப்பு, சேத்தியாத்தோப்பு!" என்று கண்டக்டர் படியில் தொங்கினார். மல்லிகாக்கா ஒரு காலைப் படியில் வைத்தார். கம்பவுண்டர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். நான் எனக்குத் தெரிந்த துஆ எல்லாவற்றையும் ஓதிக்கொண்டிருந்தேன்.

"போவாதீங்க" என்றார்.

"யோவ், இது கடைசி ஸ்டாப்பா? போவாம நின்னுக்கிட்டே இருக்க முடியுமா?" என்றார் கண்டக்டர்.

"உங்களச் சொல்லலங்க" என்று கண்டக்டரைக் கும்பிட்டார். பிறகு மல்லிகாக்காவைப் பார்த்தார். குரல் இப்போது பஸ் முழுக்கக் கேட்டது. "மல்லிகா, நீங்க போவாதீங்க. நீங்க போயிட்டீங்கன்னா எனக்கு அந்த ரெண்டு பொஸ்தகமும் பத்தாது."

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். மல்லிகாக்கா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். "அண்ணன் மூஞ்சியப் பாத்துப் பேசணும். திங்கக்கெழம தெரியும்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். விசில் ஒலித்தது. பஸ் போய்விட்டது. மங்கலம்பேட்டை பஸ் இரண்டை விட்டுவிட்டு அவரோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். 

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு நான் வரும்போது கம்பவுண்டர் கேட்டில் நின்றிருந்தார். ஆறு மணியிலிருந்து நிற்கிறார் என்று வாட்ச்மேன் சொன்னார். லேசான பனி. அதில் களிமண் பொடியும் சேர்ந்து தலை, புருவம், சட்டை எல்லாம் வெள்ளையாகி, வாசலில் வார்த்து வைத்த சிலையாக இருந்தார். ஷேர் ஆட்டோ ஒன்று வந்தால் கழுத்து நீளும். வேறு யாரோ இறங்குவார்கள். கழுத்து உள்ளே போகும்.  அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் செய்த காரியத்தால் அந்தப் புத்தகமும் போய், மனுஷியும் போய்விட்டாரே என்று என்னையே திட்டிக்கொண்டேன். குனிந்தபடி உள்ளே போனேன்.

கிளேஸ் பகுதியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மல்லிகாக்கா முழங்கைவரை நனைந்த கையோடு கேரியர்களை முக்கிக்கொண்டிருந்தார். சேத்தியாத்தோப்பிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, ஜங்ஷனில் இறங்கி, பின்கேட் வழியாக ஏழு மணிக்கே உள்ளே வந்திருக்கிறார்.

"சொல்லிட்டேன் எங்க அண்ணங்கிட்ட" என்றார் என்னைப் பார்த்ததும். "அங்க ஒருத்தரு போவாதன்னு சொல்றாரு, அதனால நான் வரலன்னு சொல்லிட்டேன். யாரு அதுன்னாரு. கூட்டியாந்து காட்டறேன்னுட்டு வந்தேன். ஆமா, எங்க அந்த ஆளு? மேசையே காலியா கிடக்குது?"

நான் கேட்டுக்கு ஓடினேன். அவர் இன்னும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அவங்க ஏழு மணிக்கே வந்துட்டாங்க. உள்ள இருக்காங்க."

திரும்பினார். அந்த வெள்ளை முகத்தில் கண் இரண்டும் மெல்ல நனைந்து, பொடிக்குள் இரண்டு கோடு இறங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்லத் தெரியவில்லை. அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்கக் கிடைக்கும் என்றால், உலகத்தில் உள்ள தத்துவப் புத்தகம் அத்தனையையும் நானே டேப் ஒட்டி லாரி ஏற்றுவேன்.